ஒரு நொடிக்கு எத்தனை படம்

அத்தியாயம் ஒன்பது

பதின்மூன்றாம் நாளும் சுமினி சோறு கட்டினாள்.

வாழையிலை, அதன்மேல் சூடான சோறு, பொரித்த தெம்பே சோயாக்கட்டி இரண்டு துண்டு, ஓரத்தில் மிளகாய்ச் சம்பல். இலையை மடித்துக் குத்தும்போது குச்சி ஒடிந்தது. பக்கத்தில் நின்ற ரத்மி வேறொரு குச்சியை எடுத்து நீட்டினாள். சுமினி அதை வாங்கவில்லை. ஒடிந்த குச்சியையே திருப்பிக் குத்தினாள்.

நான்கு நாளாக இந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் இப்படித்தான்.

சோறு, லாக்கப்பில் இருக்கும் துகிரானுக்கு. சுமினிக்குப் புருஷன், ரத்மிக்கு அண்ணன். கெலுட் எரிமலை அடிவாரத்திலிருந்து கெடிரி ஊருக்குள் மணல் லாரி ஓட்டுகிறவன். இருபது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. லாரியின் பின்பலகையில் ஒரு எருமை வரைந்திருக்கும். அதன் கீழே, ‘அவசரமா? நீ முன்னால போ. நான் வீட்டுக்குப் போகணும்’ என்று எழுதியிருக்கும்.

அந்த லாரிதான் சந்தை முனையில் வுலான் என்கிற பெண்ணின் ஸ்கூட்டரில் மோதியது. சிகரெட் சுருட்டும் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண். மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை.

எதிரே ஒரு கைப்பேசிக் கடை. அதன் வாசல் கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது. இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே நாற்பது மீட்டர். அதை லாரி இரண்டே நொடியில் தாண்டியது. அப்படியானால் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் என்று போலீஸ் கணக்குப் போட்டது. ஊருக்குள் ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. “நாப்பத்தஞ்சத் தாண்டல” என்று துகிரான் திரும்பத் திரும்பச் சொன்னான். லாரிக்காரனிடம் இருந்தது ஒரு நாக்கு. போலீஸிடம் இருந்தது ஒரு படம்.

அந்தப் படத்தைப் போலீஸுக்குத் தயார் செய்து, ஸ்டூடியோ பேச்சில் சொன்னால் ‘பொட்டலம் கட்டி’க் கொடுத்தவள் ரத்மி. கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. விபத்து நடந்த அன்றே, வீட்டுக்குச் செய்தி வருமுன், யாருடையது என்று தெரியாமலே செய்து கொடுத்தாள். ‘எதையும் மாற்றவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்தக் கையெழுத்தைத்தான் நான்கு நாளைக்கு முன் போலீஸ் நிலையத்தில் சுமினி பார்த்துவிட்டாள்.

“அண்ணி, நானும் வரேன்.”

“எதுக்கு? இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கா?”

ரத்மி தலை குனிந்தாள்.

“இன்னிக்கு மூணு மணிக்கு வாக்குமூலத்துல கையெழுத்து வாங்குறாங்களாம். எழுபத்திரண்டுல வந்தேன்னு. நாளைக்குக் கோப்பு அரசு வக்கீல் கைக்குப் போயிடும். அதுக்கப்புறம் அண்ணன் என்ன சொன்னாலும் ஏறாது.”

“எனக்குத் தெரியாதா? நேத்து என்கிட்டதானே சொன்னாங்க.” சுமினி பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். பிறகு நான்கு நாளில் முதல் தடவையாக ரத்மியின் முகத்தை நேராகப் பார்த்தாள். “நீ கட்டுன பொட்டலத்தத்தான்டி உங்கண்ணன் திங்கப்போறாரு. நான் கட்டுனத இல்ல.”

பழைய மோட்டார் சைக்கிள் உதைபட்டுக் கிளம்பிய சத்தம் சந்து முழுக்கக் கேட்டது.

*

ரத்மி ஸ்டூடியோவுக்கு நடந்தே போனாள்.

சந்து முனையில், ‘பாக்’ என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடும் சரிப்பின் பாக்சோ சூப்பு வண்டி நின்றது. பத்து மணிக்கே சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டிறைச்சி உருண்டைகள் மேலே மிதந்தன.

“தங்கச்சி, நில்லு. ஒரு நியாயம் சொல்லிட்டுப் போ.”

“நேரமாச்சு, பாக்.”

“உங்கண்ணன் விபத்துப் படத்துல நானும் இருக்கேன், தெரியுமில்ல? ரோட்டோரமா வண்டியத் தள்ளிக்கிட்டு வரேன்ல. எந்தப் புண்ணியவான் வெளிய விட்டானோ, ஊர்ல எல்லார் போன்லயும் அது ஓடுது. என்னைப் பாத்துச் சிரிக்குறானுங்க. ‘என்ன பாக் சரிப், பாக்சோ விக்கப் போனீங்களா, பந்தயத்துக்குப் போனீங்களா’ன்னு கேக்குறான் ஒருத்தன். ‘கடன்காரன் தொரத்துனானா’ன்னு கேக்குறான் இன்னொருத்தன்.”

ரத்மி அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. கட்டி முடித்ததும் திறக்கிறதா என்று முதல் நாலைந்து நொடி பார்த்தாள். வெறும் ரோடு. ஓரத்தில் ஏதோ தள்ளுவண்டி. மூடிவிட்டாள். அண்ணன் விஷயம் தெரிந்த பிறகு பார்க்கத் தைரியம் வரவில்லை.

“மூட்டு தேஞ்சு கெடக்குறவன் நான்,” என்றார் சரிப். “அதுல என்னடான்னா குடுகுடுன்னு ஓடுறேன். கை வேற கிண்ணத்துல படபடன்னு அடிக்குது. அப்படித் தட்டுனா எவன் சாப்பிட வருவான்? தீயணைப்பு வண்டி வருதுன்னு ஒதுங்கிடுவான்.”

அவள் நின்றுவிட்டாள்.

“பாக். இப்பத் தட்டுங்க.”

“எதுக்கு?”

“தட்டுங்களேன்.”

அவர் கரண்டியை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். டிங். கை இறங்கியது, ஏறியது. டிங். நடுவில் இரண்டு நொடி, ஒரு மூச்சு இழுத்து விடலாம்.

“எப்பவும் இதே வேகந்தானா?”

“முப்பது வருஷமா இதேதான். அவசரமாத் தட்டுனா கை வலிக்கும், மெதுவாத் தட்டுனா எனக்கே தூக்கம் வரும்.” அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார். “என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? கொஞ்சம் சூப்பு குடி.”

அவள் காதில் அது விழவில்லை. ஒரே ஒரு எண் தலைக்குள் வந்து நின்றது. அந்த எண்ணை அவள் சொல்லவே இல்லை. சொல்லாமலே பொட்டலம் கட்டிவிட்டாள்.

*

அது என்ன எண் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோவில் படத்துக்கு இரண்டு விதமான வேலை உண்டு. ஒன்றை ‘வேகவைப்பது’ என்பார்கள். படத்தைப் பிரித்து மறுபடி செய்வது. நேரம் பிடிக்கும். கொஞ்சம் நிறம் மாறும், கொஞ்சம் மங்கும். இன்னொன்று ‘பொட்டலம் கட்டுவது’. வெந்த சோற்றைத் தொடாமல் இலையை மட்டும் மாற்றுகிற மாதிரி. படம் ஒரு ஃபைல், சத்தம் ஒரு ஃபைல். இரண்டையும் அப்படியே எடுத்து, ‘பெட்டி’ என்கிற ஒரே ஃபைலுக்குள் வைத்து மூட வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு புள்ளி மாறாது.

போலீஸ் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்தது மொட்டையான படம். எதிலும் திறக்கவில்லை. படத்தைப் பதிகிற கேமராப் பெட்டி மலிவானது, அப்படித்தான் கக்கும். பக்கத்தில் சத்தம் தனியாக ஒரு ஃபைல். “சாட்சிக்குப் போறது, ஒரு புள்ளி மாறக் கூடாது” என்றார் போலீஸ்காரர். அதனால் ரத்மி வேகவைக்கவில்லை. பொட்டலம்தான் கட்டினாள். வழக்கமான ஃபைல் பெட்டி அந்தச் சத்தத்தை ஏற்கவில்லை. “சத்தம் வேணாம், விடு” என்றார் அவர். விட்டுவிட்டாள். ஒரு புள்ளி மாற்றவில்லை என்று பெருமையோடுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் மொட்டைப் படத்துக்குள் நேரம் கிடையாது. செங்கல் அடுக்கின மாதிரி படங்கள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று கட்டுகிறவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே இருபத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். கல்யாணக் கேமரா எல்லாம் இருபத்தைந்துதான். ஏழு வருஷமாக ரத்மி அந்த எண்ணைச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

படத்தின் மூலையில் ஓடும் கடிகாரமாவது காட்டிக்கொடுத்திருக்கும். கைப்பேசிக் கடைக்காரரின் பெட்டியில் கடிகாரம் செத்துப்போய் இருபது வருஷம் பழைய தேதியைக் காட்டியது. வெட்கமாக இருக்கிறது என்று அவர் அதை அணைத்து வைத்திருந்தார். ஆட்கள் வேகமாக நடப்பதைப் போலீஸும் பார்த்தது. மட்டமான கேமரா, துள்ளுகிறது என்று விட்டுவிட்டது.

*

ஸ்டூடியோ முதலாளி பாக் குனாடி மேசையில் குனிந்து எதையோ பூப்போட்ட பத்திக் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையில் கறுப்பு வயர் தொங்கியது. ரத்மியைப் பார்த்ததும் துணியை இழுத்து மூடினார்.

“லேட்டு.”

“மன்னிச்சுக்குங்க, பாக்.”

“அந்தப் போலீஸ் ஃபைலெல்லாம் அழிச்சிட்டியா? போன வாரமே சொன்னேன்.”

“இன்னிக்கு அழிச்சிடுறேன்.”

“இன்னிக்கு இல்ல, இப்ப. நம்ம வேல கல்யாணம். போலீஸ் சமாச்சாரம் நம்ம கம்ப்யூட்டர்ல எதுக்கு?” மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

ரத்மி உட்கார்ந்தாள்.

படத்தின் ஃபைலைத் திறந்து எண்ணச் சொன்னாள். மூவாயிரத்து அறுநூறு படம். இருபத்தைந்தால் வகுத்தால் இரண்டு நிமிஷம் இருபத்துநான்கு நொடி. போலீஸிடம் இருப்பதும் அதே நீளம்.

சத்தத்தின் ஃபைலைத் திறந்தாள். சத்தத்துக்கு அதன் நேரம் அதற்குள்ளேயே உண்டு. நான்கு நிமிஷம்.

ஒரே கேமரா. ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் முடிந்தது. ஒன்று இரண்டரை நிமிஷம்கூட இல்லை, ஒன்று நான்கு நிமிஷம்.

எந்தச் சத்தத்தையும் ஏற்கிற வேறொரு ஃபைல் பெட்டி உண்டு. அதில் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். படம் பழையபடி இருபத்தைந்திலேயே. என்ன செய்திருக்கிறோம் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

வெறும் ரோடு. சரிப் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கை இறங்கியது. டிங். சரியாக இருந்தது. அடுத்த தடவை கை இறங்கியபோது சத்தம் வரவில்லை, கை ஏறும்போது வந்தது. அதற்கடுத்தது இன்னும் பிந்தியது. கை தன் பாட்டுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டு முன்னால் போயிற்று. காதில் மட்டும் முப்பது வருஷத்துத் தாளம் நிதானமாக. டிங். டிங்.

ஒன்றரை நிமிஷத்தில் லாரி வந்தது.

அது பறந்து வந்தது. ஸ்கூட்டர் சந்திலிருந்து வெளியே நீட்டியது. மோதியது. எந்தச் சத்தமும் இல்லை. வுலான் என்கிற பெண் சத்தமில்லாமல் தூக்கி எறியப்பட்டாள், சத்தமில்லாமல் விழுந்தாள். காதில் டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ கைப்பேசிக் கடையில் சிரித்துப் பேரம் பேசினார்கள். திரையில் ஆட்கள் ஓடி வந்து கூடினார்கள். துகிரான் லாரியிலிருந்து குதித்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். காதில் இன்னும் பேரம்தான் நடந்தது.

முழுசாக ஒரு நிமிஷம் கழித்து, படம் தீர்ந்து கடைசிக் காட்சியிலேயே உறைந்து நின்ற திரையின்மேல், ஒரு ஹாரன் அலறியது. நீளமாக. கையை எடுக்காமல். பிறகு பிரேக். பிறகு அந்தச் சத்தம்.

ரத்மி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ஹாரன் அடித்திருக்கிறான். ‘அடிச்சேன், அடிச்சேன்’ என்று சொன்னானே. யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

மூவாயிரத்து அறுநூறை இருநூற்று நாற்பது நொடியால் வகுத்தாள். பதினைந்து வந்தது. நொடிக்குப் பதினைந்து என்று சொல்லி மறுபடி கட்டினாள். இந்தத் தடவை சரிப்பின் கையும் சத்தமும் கடைசிவரை பிரியவே இல்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே படங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐம்பது. இருபத்தைந்து வீதம் இரண்டு நொடி. பதினைந்து வீதம் மூன்று நொடியும் கொஞ்சமும். சின்னத் தாளில் போட்டுப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று.

அண்ணன் சொன்ன எண்ணுக்குள்தான். பதின்மூன்று நாளாக அவனை உள்ளே வைத்திருப்பது போலீஸ் இல்லை. அவள்.

பழையதும் புதியதும் மொட்டை ஃபைல்களும் பென் டிரைவில் ஏறி முடிந்தன. அதைப் பிடுங்கி முக்காட்டு மடிப்பில் செருகினாள். திரும்பினால் பாக் குனாடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அழிக்கச் சொன்னேன்.”

“பாக், நான் தப்பாக் கட்டிட்டேன். எண் சொல்லாம விட்டுட்டேன். லாரி எழுபத்திரண்டுல வரல, நாப்பத்திமூணுலதான் வந்துச்சு.”

“நீ தப்பாக் கட்டல. நம்ம கடை தப்பாக் கட்டல. அந்தக் கேமராப் பெட்டி அப்படித்தான் கக்குச்சு. விளங்குதா?”

“எங்கண்ணன் இன்னிக்குக் கையெழுத்துப் போடப்போறாரு, பாக்.”

“உன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கே, அத யோசிச்சியா?” அவர் குரல் ஏறவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை. “சாட்சிப் படத்தக் கெடுத்துக் குடுத்துட்டு மாத்தலன்னு எழுதிக் குடுத்தவளுக்குப் பேரு என்ன? போ, போய்ச் சொல்லு. உங்கண்ணன் பக்கத்துல உனக்கும் ஒரு பாய் விரிப்பாங்க. என் கடைக்குப் பூட்டுப் போடுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு ரத்மி. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

குனிந்து சுவரிலிருந்து கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். திரை செத்தது. அந்தக் கறுப்புத் திரையில் ரத்மி தன் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தலை சுத்துது, பாக். வீட்டுக்குப் போறேன்.”

“நேரா வீட்டுக்குத்தான?”

“வீட்டுக்குத்தான்.”

தெருவுக்கு வந்ததும் ஓடினாள்.

*

போலீஸ் நிலையத்து வராந்தாவில் சுமினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி வாழையிலை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. இன்னும் நேரம் இருந்தது. ரத்மிக்கு மூச்சு வந்தது.

“அண்ணி. அண்ணன் சாப்பிட்டாரா?”

“பாதி.” சுமினி நிமிரவில்லை. “கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“மூணு மணின்னுதானே சொன்னாங்க.”

“பன்னெண்டு மணிக்கே கூப்பிட்டாங்க. விசாரணை அதிகாரிக்குச் சாயங்காலம் வேற வேலையாம்.” இலையை இரண்டாக மடித்தாள். “போட மாட்டேன்னுதான் நின்னாரு. நான்தான் போடுங்கன்னேன். ‘படத்துல இருக்கு, இன்னும் என்ன வீம்பு, ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷமாவது குறையும்’னேன். அவரு என்னைப் பாத்தாரு. ‘நீயுமா’ன்னு கேக்கல. கேட்டிருந்தாத் தேவல. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பேரு எழுதுனாரு. லைசென்ஸுக்காக நீ சொல்லிக்குடுத்தியே, அதே மாதிரி.”

ரத்மி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சொன்னாள். செங்கல், இருபத்தைந்து, பதினைந்து, டிங் டிங், ஹாரன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது.

“ஹாரன் அடிச்சாரா?”

“கையவே எடுக்கல அண்ணி.”

சுமினி இலையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் மடிய இடமில்லை. அப்புறமும் அழுத்திக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று ரத்மி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை அதிகாரி பாக் டார்சோனோ நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. களைத்தவர். உள்ளே போய் ரத்மி நீட்டிய பென் டிரைவை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

“நீ அவன் தங்கச்சி. அன்னிக்கு ஒரு படம் குடுத்தே, எழுபத்திரண்டு. இன்னிக்கு அவன் கையெழுத்து காயறதுக்குள்ள இன்னொரு படம் கொண்டு வரே, நாப்பத்திமூணு. நாளைக்கு லாரி பின்னால போற படம் கொண்டு வருவியா?”

“என்னை நம்ப வேணாம், பாக். பாக் சரிப்போட கையைப் பாருங்க.”

முதலில் பழைய கட்டு. கையும் சத்தமும் பிரிந்தன. அவர் புருவம் சுருங்கியது. பிறகு புதிய கட்டு. கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல் தானாக மேசையைத் தட்ட ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் அவரும் அந்த வண்டியில்தான் சாப்பிடுகிறார்.

விரல் நின்றது.

“துகிரானக் கூட்டிட்டு வா,” என்றார் வாசலைப் பார்த்து.

துகிரான் வந்தான். பதின்மூன்று நாளில் தோள் இறங்கிப்போயிருந்தது. தங்கையைப் பார்த்து லேசாகச் சிரித்தான். “உனக்கு வேல போயிடுச்சா?” என்று கேட்டான். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“இதக் கேளுங்க, அண்ணே.”

“வேணாம் ரத்மி. அன்னிக்கே காட்டுனாங்க. என் லாரிதான். நான்தான் ஓட்டுறேன். அவ்வளவு வேகமா வந்திருக்கேன், எனக்கே தெரியல. படம் பொய் சொல்லுமா? நான்தான் மறந்துட்டேன் போல. நெதமும் ராவுல கண்ண மூடி யோசிக்கிறேன், கால் பிரேக்குல இருந்துச்சா ஆக்சிலேட்டர்ல இருந்துச்சான்னு. இப்பல்லாம் ஆக்சிலேட்டர்லதான் இருந்த மாதிரி ஞாபகம் வருது.”

ரத்மி ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். படத்தைப் பார்க்க வேண்டாம் என்று திரையைத் திருப்பி வைத்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். இரண்டரை நிமிஷம். அப்புறம் அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. வலது கால், ரப்பர் செருப்புக்குள், சிமெண்டுத் தரையை அழுத்தி மிதித்தது. எடுக்கவே இல்லை.

“மிதிச்சேன்,” என்றான். “நான் மிதிச்சேன்ல?”

“மிதிச்சீங்க அண்ணே.”

வாசலில் நின்ற சுமினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாக் டார்சோனோ மேசையில் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று துகிரான் எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. இன்னொன்று வெள்ளை.

“முதல்ல குடுத்த படம் தப்பு, நான்தான் தப்பாக் கட்டினேன்னு உன் கையால எழுது. எழுதினா உன் மேலயும் விசாரணை வரும், முன்னாடியே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணு பாக்கி. அந்தக் கைப்பேசிக் கடை கேமராப் பெட்டி வேணும். நொடிக்குப் பதினஞ்சுன்னு அந்தப் பெட்டியே காட்டணும். காட்டுச்சுன்னா உங்கண்ணன் காகிதத்த நானே கிழிக்கிறேன். பெட்டி இல்லன்னா, நீ எழுதறது தங்கச்சி அண்ணனுக்காகச் சொன்ன பொய். ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க.”

“எழுதாத ரத்மி,” என்றான் துகிரான். “ஒருத்தன் உள்ள இருந்தாப் போதும்.”

ரத்மி எழுதினாள். அழுத்தி எழுதியதில் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகுதான் பாக் டார்சோனோ கைப்பேசிக் கடைக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“கேமராப் பெட்டியா, பாக்?” என்றது கடைக்காரரின் குரல். “அது இங்க இல்லையே. காலைலயே கொண்டுபோயிட்டாங்க.”

“யாரு?”

“ஸ்டூடியோ குனாடிதான். ‘உன் பெட்டில கடிகாரம் செத்துக் கெடக்கு, சும்மாவே சரி பண்ணித் தரேன்’னாரு. நல்ல மனுஷன்.”

பத்திக் துணி. தொங்கின கறுப்பு வயர். அவள் போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சரிப்பின் கை படபடக்கிற படம் அவர் போனிலும் ஓடியிருக்கும் அல்லவா. ஒரு பெட்டியில் இருப்பதை அழிக்க ஒரு பொத்தான் போதும். இரண்டு பெண்களைப் பெற்ற பயந்த மனுஷனுக்கு அதை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

“நான் ஆள் அனுப்பணும்னா மேலதிகாரி உத்தரவு வேணும்,” என்றார் பாக் டார்சோனோ. “அவரு நாளைக் காலைலதான் வருவாரு.”

காவலர் ஒருவர் துகிரானின் தோளைத் தொட்டார். அவன் எழுந்தான். போகும்போதும் வலது காலை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தான்.

சுமினி உள்ளே வந்தாள். ரத்மியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நான்கு நாளாகத் தொடாத கை.

“எந்திரி.”

“எங்க அண்ணி?”

“உன் மொதலாளி வீட்டுக்கு. வழி சொல்லு. வண்டிய நான் ஓட்டுறேன்.”

வாசலில் பழைய மோட்டார் சைக்கிள் இரண்டாவது உதையில் கிளம்பியது. ரத்மி பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, மெதுவாப் போங்க.”

“நாப்பதத் தாண்ட மாட்டேன், பயப்படாத.”

வண்டி பெரிய ரோட்டில் ஏறியது. இங்கும் நாற்பது மீட்டருக்கு ஒரு மின்கம்பம்; முதல் கம்பம் வந்தது. ரத்மி சரிப்பின் தாளத்தில் எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று.

இரண்டு என்று சொல்வதற்குள் அடுத்த கம்பம் பின்னால் போய்விட்டது.